உப்புக் காற்றில் மக்கர் செய்யும் கார் ஏரியல்: வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

என்னிடம் இருப்பது பழைய காண்டெஸா கார். ரேடியோவைப் போட்டால் டிக்கிப் பக்கம் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வரும், ஏரியல், அதாவது ரேடியோவின் ஆண்டெனா, தானாக எழுந்து நிற்கும். அணைத்தால் அதே சத்தத்தோடு உள்ளே போய்விடும். ஒரு நாள் உச்சிப்புளியில் வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டேன். சத்தமும் இல்லை, ஏரியலும் இல்லை. பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “மோட்டார் போச்சுண்ணே, செட்டோட மாத்திருங்க” என்றார்கள். வீட்டுக்கு வந்து நானே கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. எர்த் வயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) வண்டியின் பாடித் தகரத்தில் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பும் வெள்ளை உப்பும் ஒரு பருக்கை சோறு அளவுக்குப் பூத்திருந்தன. சுரண்டி, கழுவி, திரும்ப முடுக்கினேன். ஏரியல் எழுந்துவிட்டது.

அன்றிலிருந்து இந்தப் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவற்றின் ஏரியலைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தேய்ந்து போனதைவிட உப்பில் செத்ததுதான் அதிகம். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று எந்தக் கரையில் வண்டி நின்றாலும் இதே கதைதான். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காக்க எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள் என்பது இங்கே எல்லோரும் கண்ணால் கண்டது. 2025-ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட வேண்டியிருந்தது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால், விரல் தடிமன்கூட இல்லாத பித்தளைக் குழல் எம்மாத்திரம்? அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசைதான்: முதலில் உப்பைத் தேடுங்கள், கழுவுங்கள், அப்புறம்தான் சாமான் வாங்குவது.

உள்ளே என்ன நடக்கிறது

பழைய பென்ஸ், பழைய ஜப்பான் கார்கள் சிலவற்றில் இப்படி மோட்டாரில் ஓடும் பவர் ஏரியல் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. காண்டெஸா, அம்பாசிடர், பிரீமியர் 118 என்.ஈ. போன்றவற்றில் பெரும்பாலும் கடையில் வாங்கி மாட்டியதாக இருக்கும். எதுவானாலும் உள் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பளபளப்பான குழல்கள் மேலே இருக்கும். நடுவில் ஓடும் நைலான் கயிறு ஒன்று, கடைசி நுனிக் குழலில் பிடித்திருக்கும். அந்தக் கயிற்றின் ஒரு பக்கம் சீப்பு மாதிரிப் பல் வெட்டியிருக்கும். கீழே மோட்டாரின் கியர் அந்தப் பல்லைப் பிடித்து மேலே தள்ளும், கீழே இழுக்கும். இழுத்த கயிறு ஒரு வட்டப் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும்.

வயர் பொதுவாக மூன்று. ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும் வயர். ஒன்று எர்த். மூன்றாவது ரேடியோவிலிருந்து வரும் சிக்னல் வயர். ரேடியோ ஓடும்போது சிக்னலில் 12 வோல்ட் வரும், உள்ளே இருக்கும் ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இழுக்கும், மோட்டார் மேலே தள்ளும். ரேடியோவை அணைத்ததும் சிக்னல் நின்றுவிடும், ரிலே விட்டுவிடும், மோட்டாருக்குக் கரண்ட் திசை மாறிப் போகும், ஏரியல் இறங்கும். இறங்குவதற்கான சக்தி அந்த நிரந்தர வயரிலிருந்துதான் வருகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குறைகளை வண்டியைத் தொடாமலே சொல்லிவிடலாம். உதாரணமாக, ஏரியல் ஏறுகிறது, சாவியை எடுத்த பிறகு இறங்க மாட்டேன் என்கிறது என்றால், யாரோ புது ரேடியோ மாட்டும்போது நிரந்தர வயரைக் கொண்டுபோய்ச் சாவியில் வரும் கரண்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிச் சந்தை ரேடியோக்களில் நீல வயர் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயருக்கு என்பது பரவலான வழக்கம். ஆனாலும் வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அந்தச் சிக்னல் வயர் ரிலேயை இழுக்க மட்டும்தான். மோட்டாரை நேராக அதில் மாட்டினால் ரேடியோ போய்விடும்.

முதல் வேலை: காதை வைத்துக் கேட்பது

எந்த ஸ்க்ரூவையும் கழற்றுவதற்கு முன் ஒருவரை உள்ளே உட்கார வைத்து ரேடியோவைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். எனக்குப் பக்கத்து வீட்டுப் பையன்தான் எப்போதும் துணை. “இப்ப போடு தம்பி... சரி, அணை” என்று பத்துத் தடவை சொன்னாலும் சலிக்க மாட்டான். நீங்கள் ஏரியல் இருக்கும் மட்கார்டில் காதை வையுங்கள். முகத்தை ஏரியலுக்கு நேர் மேலே மட்டும் கொண்டுபோகாதீர்கள். திடீரென்று எழுந்தால் கண்ணில் குத்திவிடும்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, எர்த் இல்லை, அல்லது மோட்டார் சிக்கிவிட்டது. ‘டிக்’ என்று ரிலே மட்டும் சொல்லி அடங்கினால் சிக்னல் சரி, குறை மோட்டார் பக்கம் இருக்கிறது. மோட்டார் லேசாகச் சுற்றுகிறது, ஏரியல் அசையவே இல்லை என்றால் பல் கயிறு அறுந்துவிட்டது. ‘கடகட’ என்று பல் தாண்டும் சத்தம் வந்தால் கயிற்றின் பல் மழுங்கியிருக்கும், அல்லது அறுந்த துண்டு கியரில் மாட்டியிருக்கும். ஏறி முடிந்ததும் ஒரு நொடி, ஏரியல் செட்டுக்குள் இருக்கும் சின்ன கிளட்ச் தட்டு வழுக்கும் சத்தம் சில செட்களில் இயல்பு. பத்து நொடிக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல மோட்டாரும் கருகிவிடும்.

பாதியில் நிற்பதுதான் நம் கரையில் அதிகம். இதற்கு ஒரு காரணம் உண்டு. சில செட்களில், குழல் உச்சிக்கோ அடிக்கோ வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இருக்காது. குழல் முட்டி மோட்டார் திணறும்போது அது இழுக்கும் கரண்ட் கூடும், அதைப் பார்த்துச் சர்க்யூட் நிறுத்திவிடும். குழல்களுக்கு நடுவே உப்பும் மணலும் சேர்ந்து பாதியிலேயே இறுகினால், சர்க்யூட் ‘உச்சி வந்துவிட்டது’ என்று எண்ணி நிறுத்திவிடுகிறது. செட்டில் ஒரு பழுதும் இல்லை, குழலில் அழுக்கு, அவ்வளவுதான்.

உப்பைக் கழுவுவது

பாதியில் நின்றாலும், மெதுவாக ஏறினாலும் முதலில் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை. பலரும் நேராக எண்ணெய் அடித்துவிடுகிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்பின் மேல் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஓடும், அப்புறம் தனுஷ்கோடிப் பக்கத்து அரிச்சல்முனை மணல் வந்து அதில் ஒட்டும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் எமரி பேப்பர் வைத்துத் தேய்ப்பது போலத்தான்.

தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதை ஊற்றினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றிய மாதிரி ஆகும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு போதும்.

ஏரியலை முடிந்தவரை ஏற்றுங்கள். அதே நிலையில் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள், இறங்காமல் நிற்கும். துணியை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு குழலையும் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குழலும் குழலும் சேரும் கழுத்தில்தான் உப்பு வளையமாகக் கட்டியிருக்கும். நகத்தால் தொட்டால் சொரசொரவென்று தெரியும். அங்கே நனைந்த துணியை ஐந்து நிமிஷம் சுற்றி வையுங்கள், ஊறிக் கரையும். பழைய டூத் பிரஷ் வைத்து மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாளோ கம்பி பிரஷோ வேண்டாம். குரோம் பூச்சு போனால் பித்தளை வெளியே வந்துவிடும், அடுத்த மழைக்குள் பச்சை பூத்துவிடும்.

நன்றாகக் காய விடுங்கள். பிறகு ஒரு துணியில் டபிள்யூடி-40 போன்ற மெல்லிய எண்ணெயைக் கொஞ்சம் தெளித்து, குழலைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடியும் துடைத்துவிடுங்கள். கையில் ஒட்டுகிற அளவுக்கு எண்ணெய் இருந்தால் அது அதிகம். கிரீஸைக் குழல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஃப்யூஸைப் போட்டு ஐந்தாறு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் உள்ளிருந்து கறுப்புக் கோடாக அழுக்கு வரும். அது நிற்கும்வரை துடைத்துக்கொண்டே இருங்கள்.

குழல் வளைந்திருந்தால் இந்த வேலையெல்லாம் பயன்படாது. விரல் நுனியால் உருட்டிப் பார்த்து, கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். சிறு வளைவைக் கையால் நிமிர்த்தலாம். மடிந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது

சத்தமே இல்லாத ஏரியலுக்கு இதுதான் வழி. முதலில் ஃப்யூஸ். அறுந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். அது உட்காரும் பிடியையும் பாருங்கள். ஃப்யூஸ் நன்றாக இருக்கும், பிடி வெளுத்து உப்புப் பூத்திருக்கும். இந்தப் பக்கத்தில் இது மிகவும் சாதாரணம். சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். ஃப்யூஸ் மறுபடி மறுபடி போனால், வண்டியில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அதற்கு மேல் போடவே கூடாது. செம்புக் கம்பி சுற்றுவது தீயை வீட்டுக்கு அழைப்பது. அப்படிப் போகிறதென்றால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது வயர் தகரத்தில் உரசித் தோல் போயிருக்கிறது. அதைத் தேடுங்கள்.

அடுத்து, ஏரியலுக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது நிரந்தர வயரில் 12.4-லிருந்து 12.6 வோல்ட் வர வேண்டும். ரேடியோவைப் போட்டால் சிக்னல் வயரிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும், அணைத்தால் பூஜ்யம் ஆக வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் எர்த் மேல்தான் என் சந்தேகம் போகும். ஓம் மீட்டரில் பார்த்தால் எர்த் சரி என்றே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட். மோட்டார் சில ஆம்பியர் கேட்கும்போதுதான் களிம்பு தடுக்கும். சுலபமான சோதனை ஒன்று உண்டு: நீளமான தடித்த வயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஏரியல் செட்டின் உலோக உடலில் வைத்துப் பிடியுங்கள். உடனே உயிர் வந்தால் குறை எர்த்தில். மீட்டர் உள்ளவர்கள், மோட்டார் ஓடும்போது செட் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை.

எர்த்தைச் சரிசெய்வது எளிது. போல்ட்டைக் கழற்றி, வயர் நுனி வளையத்தையும் பாடித் தகரத்தையும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய வையுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக முடுக்கிவிட்டு, அதற்கு அப்புறம் மேலே வாசலின் தடவுங்கள். வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தால் கறுப்பு இருக்கும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் சேர்த்து ஈயம் வைக்க வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது.

பல் கயிறு மாற்றுவது

கயிறு அறுந்தால் முழுச் செட்டும் வாங்கத் தேவையில்லை. குழலும் கயிறும் சேர்ந்தாற்போலக் கிடைக்கும். ராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரையில் விசாரியுங்கள். சென்னை போகிறவர்கள் இருந்தால் புதுப்பேட்டையில் பார்க்கச் சொல்லலாம். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கயிற்றின் தடிமன், பல்லின் இடைவெளி, மொத்த நீளம், மேல் நட்டின் மரை, இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று விற்பதை அளக்காமல் வாங்காதீர்கள். நம் ஊரில் தங்கூசிக்கு (மீன்பிடி நைலான் நரம்பு) பஞ்சமில்லை, தடித்த தங்கூசியைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பல் இல்லாததைக் கியர் பிடிக்காது. வேண்டாம்.

ரேடியோ அணைந்திருக்கட்டும். மட்கார்டின் மேலே ஏரியலைச் சுற்றியிருக்கும் நட்டில் இரண்டு வெட்டு இருக்கும். சர்க்ளிப் பிளையரின் (இரண்டு ஊசி மூக்கு உள்ள குறடு) நுனி அதில் சரியாக உட்காரும். நட்டு உப்பில் இறுகியிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள். நல்ல தண்ணீரை விட்டு ஊறவைத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். சுற்றிலும் பெயின்ட் மேல் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

நட்டு வந்ததும் உள்ளே இருப்பவரை ரேடியோவைப் போடச் சொல்லுங்கள். கயிறு முழுசாக இருந்தால் மோட்டாரே குழலை வெளியே தள்ளிவிடும், நீங்கள் மெதுவாக மேலே இழுத்தால் கயிற்றோடு வந்துவிடும். வந்த கயிற்றைப் புதியதன் பக்கத்தில் தரையில் நீட்டி வைத்து நீளம் பாருங்கள். ஒரு விரல் நீளம் குறைந்தால்கூட அந்தத் துண்டு உள்ளேதான் கிடக்கிறது. அதை எடுக்காமல் புதியதை விட்டால் கியரில் சிக்கி இதுவும் அறுந்துவிடும். அப்படியானால் கீழே சொல்கிறபடி செட்டைத் திறக்க வேண்டும்.

முழுசாக வந்திருந்தால், ரேடியோ போட்டிருக்கும்போதே புதுக் கயிற்றின் நுனியைத் துளைக்குள் விடுங்கள். பல் இருக்கும் பக்கம் கியரைப் பார்த்து இருக்க வேண்டும், பழையது எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கீழே முட்டும்வரை தள்ளிவிட்டு ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். கியர் பல்லைப் பிடித்தால் கயிறு உங்கள் விரலுக்கு நடுவே சட்டென்று கீழே இழுபடும், மீன் தூண்டிலைக் கவ்விய மாதிரி. பிடிக்கவில்லை என்றால் கயிற்றைக் கால் சுற்று திருப்பி மறுபடி செய்யுங்கள். எனக்கு முதல் தடவை நான்கு முறை ஆனது. இழுபடும்போது குழலை நேராகப் பிடித்துக் கூடவே இறக்குங்கள். நட்டைப் போட்டு, மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

செட்டைத் திறப்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். மேல் நட்டு, கீழ்ப் பிடி போல்ட், சாக்கெட், ரேடியோ கேபிள் ஆகியவற்றைக் கழற்றினால் செட் கையோடு வந்துவிடும். எந்த வயர் எங்கே என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்ததும் அடியில் இருக்கும் வடிகால் துளையைப் பாருங்கள். ஏரியல் வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் இந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். நான் பிரித்தவற்றில் பல செட்களில் இது மணலும் உப்பும் சேர்ந்து சிமெண்ட் போல அடைத்திருந்தது. தண்ணீர் மோட்டாருக்குள் தேங்கியிருக்கும். ஏரியல் செத்ததன் மூல காரணம் இதுவாகவே இருக்கும்.

மூடியைத் திறந்தால் சுருளும் கியரும் தெரியும். அறுந்த துண்டுகளை எடுங்கள். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், அதைத் துடைத்துவிட்டுக் கியருக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். கிளட்ச் தட்டில் கிரீஸ் பட்டால் வழுக்கும், அங்கே வேண்டாம். கியரின் பல் போயிருந்தால் புதியதுதான் போட வேண்டும்.

மோட்டாரின் இரண்டு முனையிலும் நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால், சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. அந்தக் கார்பன் உரசும் செம்புத் தகட்டு வளையம், அதாவது கம்யூட்டேட்டர், கறுத்திருந்தால் நைசான வாட்டர் பேப்பரால் துடைத்து, தகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் குண்டூசியால் சுத்தம் செய்யுங்கள். ரிலேயின் முனைகளுக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். சர்க்யூட் போர்டில் செம்புக் கோடுகளே கரைந்து போயிருந்தால் அதோடு மல்லாட வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று சரியானால் இன்னொன்று விடும். அந்த நிலையில் முழுச் செட்டை மாற்றுங்கள்.

மூடும்போது விளிம்புக்கு சிலிக்கான் வைப்பார்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். வடிகால் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

ஏரியல் ஏறியும் ரேடியோ இரைந்தால்

90.4 மெகா ஹெர்ட்ஸில் பாம்பனின் ‘கடல் ஓசை’ எஃப்.எம். வானொலி கேட்க வேண்டுமென்றால் அந்த அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 80 சென்டிமீட்டர் அளவு ஏரியல் நின்றால் எஃப்.எம். நன்றாக எடுக்கும். முக்கால்வாசி ஏறி நின்றாலும் பக்கத்து எஃப்.எம். சமாளிக்கும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு மீடியம் வேவ்தான் சோதனை. 1,000 கிலோ ஹெர்ட்ஸில் அலை நீளம் 300 மீட்டர். அதற்கு முன்னால் நம் ஏரியல் துக்கடா. கிடைக்கும் சிக்னல் அவ்வளவு மெல்லியது என்பதால் ஏரியல் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இன்சுலேட்டரில் ஈர உப்பு படிந்தாலே எர்த்துக்குக் கசிந்துவிடும். எஃப்.எம். பாடும், மீடியம் வேவ் மட்டும் செத்திருக்கும். இப்படி இருந்தால் உப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஓம் மீட்டரில் பாருங்கள். நடு முனையிலிருந்து ஏரியல் குழலுக்கு ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நடு முனையிலிருந்து வெளி உறைக்கு, மீட்டரின் மிகப் பெரிய ரேஞ்சிலும் ஒன்றும் காட்டக் கூடாது. சில மெகா ஓம் காட்டினால் கசிவு இருக்கிறது. இன்சுலேட்டரை நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் ஒரு பகல் காய வைத்து மறுபடி பாருங்கள். கேபிளே நனைந்திருந்தால் மாற்றுங்கள். டி.வி. கேபிள் போடாதீர்கள், அதன் கெப்பாசிட்டன்ஸ் (சிக்னலைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும் தன்மை) அதிகம், மீடியம் வேவ் இன்னும் குறையும். கார் ஏரியல் கேபிள் என்றே கேட்டு வாங்குங்கள்.

பழைய முள் வைத்த ரேடியோ என்றால் ஏரியல் மாற்றிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ ‘ட்ரிம்’ என்று எழுதிய சிறு துளைக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஏரியலை முழுக்க ஏற்றி, 1,400 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தில் முள்ளை நிறுத்தி, சத்தம் அதிகமாகக் கேட்கும் இடம்வரை அந்த ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புங்கள். கேட்காமல் இருந்த நிலையங்கள் சில இந்த ஒரு திருப்பில் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

மாட்டிய பிறகு

செட்டைத் திரும்ப மாட்டும்போது மட்கார்டுத் துளையின் அடிப்பக்கம் பிடி உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள், அதுவும் ஒரு எர்த். மேல் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி வண்டிக்கு அடியில் விடுங்கள்.

தனுஷ்கோடி போய் வந்தால் அன்று சாயங்காலமே ஏரியலை ஏற்றி நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் வண்டியை வெளியே நிறுத்தும்போது ஏரியல் உள்ளே இருக்கட்டும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஏரியல் அடியில் அரை டம்ளர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே குழாயில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு அடைப்பை எடுத்துவிட்டு, மறுபடி ஊற்றிப் பாருங்கள்.